ஃபேன்டஸி நாவலைப் பாதியில் மூடி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் வரும் தடித்தடியான ஃபேன்டஸி நாவல்களை, அதிலும் பத்துப் பதினான்கு பாகம் ஓடும் தொடர்களை ஆசையாக ஆரம்பித்துவிட்டு நடுவில் விழி பிதுங்கி நிற்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். முக்கியமான திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை. ஓரிரு இடங்களில் கதைப்போக்கு பற்றிய குறிப்பு வரும், அவ்வளவுதான்.

பாதியில் விடுவது தப்பா?

இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1992இல் வாசிப்பைப் பற்றி அவர் எழுதிய நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் தருகிறார். முதல் உரிமை, படிக்காமலே இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டிப் போவது. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. அதற்கும் முன்னால், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனிடம் ஒருவர் 1773இல் ஒரு புது நூலை முழுக்கப் படித்தீர்களா என்று விசாரிக்க, "நீர் புத்தகங்களை முழுக்கவா படிக்கிறீர்?" என்று அவர் திருப்பிக் கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்து வைத்திருக்கிறார்.

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது. அதனால் நமக்குக் கொஞ்சம் கூடுதலாக உறுத்தும். ஆனால் அந்த மரியாதை கல்விக்குத்தான். எழுநூறு பக்கத்தில் நானூறு பக்கம் குதிரைச் சவாரியே நடக்கிற நாவலுக்கு அல்ல.

மற்ற நாவல்களைச் சுலபமாக விட முடிகிறதே, ஃபேன்டஸியை மட்டும் ஏன் விட முடிவதில்லை?

துப்பறியும் கதை உங்களை ஒரே கேள்வியால் கட்டி வைத்திருக்கிறது: யார் செய்தது? கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தால் கட்டு அவிழ்ந்துவிடும். ஃபேன்டஸியின் கட்டு வேறு மாதிரி. அட்டையைத் திறந்ததும் வரைபடம். கதை இன்னும் கால் வைக்காத மலைகளும் துறைமுகங்களும் அதில் இருக்கும். அடுத்து ஒரு முன்கதைக் காட்சி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பிறகு ஒரு தீர்க்கதரிசனம், பெற்றோர் யாரென்று தெரியாத ஒரு பையன், யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து பொறித்த ஒரு வாள். ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. நூறு பக்கம் போவதற்குள் அந்த ஆசிரியர் உங்களுக்கு இருபது பதில்கள் தர வேண்டியவராகிவிடுகிறார். கொடுத்ததை வசூலிக்காமல் எப்படிக் கிளம்புவது என்று நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிற விஷயம் இதுதான். சலிப்பூட்டும் ஃபேன்டஸியைப் படிக்கும்போது நாம் கையிலிருக்கும் பக்கத்தைப் படிப்பதில்லை, வரப்போகும் ஒரு பக்கத்துக்காகக் காத்திருக்கிறோம். ஐம்பது பக்கம், அறுபது பக்கம் என்றால் காத்திருக்கலாம். மூன்று பாகம் என்றால் யோசிக்க வேண்டும்.

இதில் பதிப்புத் தொழிலுக்கும் பங்கு உண்டு. டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸை ஒரே நாவலாகத்தான் நினைத்தார். போருக்குப் பிறகு காகிதம் விலை அதிகம், இவ்வளவு பெரிய புத்தகம் விற்குமா என்ற பயமும் பதிப்பகத்துக்கு இருந்தது. அதனால் 1954, 55இல் மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். செலவுக்காகச் செய்த ஏற்பாடு, பின்னால் வந்தவர்களுக்கு இலக்கணமாகிவிட்டது. 1977இல் டெர்ரி புரூக்ஸின் முதல் ஷனாரா நாவல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றதும், தடித்த புத்தகமும் தொடர்ச்சியும் ஓடும் சரக்கு என்பது உறுதியானது. ஆறாம் பாகம் வந்தால் முதல் பாகமும் மறுபடி விற்கும். ஆகவே கதையைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம் ஆசிரியருக்கும் இல்லை, பதிப்பகத்துக்கும் இல்லை. அவசரம் வாசகருக்கு மட்டும்தான்.

மாதச் சந்தா கட்டிப் படிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட்டில் கதை இன்னும் நேரடியானது. 2015 ஜூலையிலிருந்து அங்கே எழுத்தாளருக்குப் பணம் கிடைப்பது வாசகர் படித்த பக்கங்களின் கணக்கில். யாரும் வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. சுருக்கினால் லாபம் என்ற நிலை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும்?

சியாட்டிலைச் சேர்ந்த நூலகர் நான்சி பேர்ல் சொன்ன விதி பிரபலம். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்கள் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயது ஆனவர் அட்டையைப் பார்த்தே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

பொதுவான நாவல்களுக்கு இது நல்ல விதி. ஃபேன்டஸிக்கு ஐம்பது பக்கம் போதாது என்பது என் எண்ணம். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் பாகத்தில், கதைமாந்தர்கள் தங்கள் கிராமத்தை விட்டுக் கிளம்புவதே பத்தாவது அத்தியாயத்தில்தான். மொத்தம் ஐம்பத்து மூன்று அத்தியாயங்கள் இருக்கும் புத்தகத்தை ஐம்பது பக்கத்தில் எடை போட்டால், நீங்கள் எடை போட்டது ஒரு கிராமத்துத் திருவிழாவை.

எனவே பக்க எண்ணை விட்டுவிட்டு ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன்: கதை முதல் ஊரை விட்டுக் கிளம்பி இரண்டாவது ஊரைச் சேரும் வரை. அதற்குள் ஆசிரியர் தன்னிடம் உள்ள எல்லா வித்தைகளையும் ஒரு தடவையாவது காட்டியிருப்பார். உரையாடல் எப்படி, சண்டை எப்படி, மந்திரத்துக்கு ஏதாவது விலை உண்டா, நகைச்சுவை உண்டா, பெண்கள் மனிதர்களாக வருகிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெரும்பாலான நாவல்களில் இது நூறிலிருந்து நூற்றைம்பது பக்கத்துக்குள் வரும். வாங்குவதற்கு முன்பு கிண்டிலில் இலவச மாதிரி இறக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமாகப் புத்தகத்தின் பத்து சதவீதம் கிடைக்கும். எண்ணூறு பக்க நாவலில் அது எண்பது பக்கம். காசே கொடுக்காமல் பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

"மூணாவது பாகத்துல சூடு பிடிக்கும், விடாதே" என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியிருக்கும்! கல்யாணப் பந்தியில் கடைசியில் பாயசம் வரும் என்பதற்காக உப்பில்லாத சாம்பாரை மூன்று தடவை வாங்கிக்கொள்வதில்லை நாம். ஆனாலும் அந்த நண்பரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். அவர் எந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கடினமான புத்தகம் வேறு, காலியான புத்தகம் வேறு. கடினமான புத்தகத்துக்குச் சரியான உதாரணம் ஸ்டீவன் எரிக்சனின் மலாசன் தொடர். முதல் பாகம் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' 1999இல் வந்தது. பத்தாவது பாகம் 2011இல். எரிக்சனும் அவருடைய நண்பர் இயன் எஸ்ஸல்மாண்டும் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறித் தாங்கள் ஆடிய விளையாட்டுகளுக்காக உருவாக்கிய உலகம் அது. ஆடியவர்களுக்கு எல்லாம் தெரியும்; நமக்கு எதுவும் தெரியாது. போர் நடுவில் கதை திறக்கும். யார் யாருடைய எதிரி, வாரன் என்றால் என்ன, இந்த ராட்சசன் எந்த இனம் என்று யாரும் விளக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் பழகி மூச்சு விடுவதற்குள் இரண்டாம் பாகம் வேறு கண்டத்துக்குப் போய், பெரும்பாலும் புது ஆட்களோடு தொடங்கும்.

இதில் திணறுவது இயல்பு. ஆனால் திணறும்போதும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டேயிருக்கும், யாராவது ஒருவர் நினைவில் ஒட்டிக்கொள்வார். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு நண்பரின் பேச்சைக் கேட்டு இரண்டாம் பாகம் வரை போகலாம். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது உங்களுக்கான உலகம் இல்லை.

காலியான புத்தகம் இப்படித் திணறடிக்காது. எல்லாம் புரியும். அதுதான் சிக்கலே. அடுத்த காட்சியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதுவே நடக்கும், நடந்து முடிய நாற்பது பக்கம் ஆகும். இதை மூன்றாம் பாகம் காப்பாற்றாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கடைசியாகப் படித்த அத்தியாயத்தில் என்ன புதிதாகத் தெரிந்தது என்று நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். "குழப்பமா இருக்கு, ஆனா அந்தக் கிழவன்..." என்று பேச்சு நீண்டால் தொடருங்கள். "நடந்து போறாங்க" என்பதோடு நின்றுவிட்டால் நண்பருக்கே புரிந்துவிடும்.

'தி வீல் ஆஃப் டைம்' நடுவில் தொய்ந்துவிடும் என்கிறார்களே? எங்கே விடலாம்?

இதைக் கேட்காத ஃபேன்டஸி வாசகர் குறைவு. கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

முதல் பாகம் 1990இல் வந்தது. ஆறு பாகம் என்பது ஆரம்பக் கணக்கு. கடைசியில் பதினான்கு பாகம் ஆனது, ஒரு முன்கதை நாவல் தனி. மொத்தம் நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல்; ஒலிநூலாகக் கேட்டால் 400 மணி நேரத்துக்கு மேல் ஓடும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் முடித்தவர்கள்கூட இதைப் பார்த்துச் சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

முதல் ஆறு பாகங்கள் 1990க்கும் 1994க்கும் இடையில் மளமளவென்று வந்தன. தொய்வு என்று வாசகர்கள் சொல்வது ஏழு அல்லது எட்டாம் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை. காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு உதாரணம் போதும். மேட் என்ற பாத்திரம் தொடரிலேயே பலருக்கும் பிடித்தவர். 1996இல் வந்த ஏழாம் பாகத்தின் இறுதியில் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார். 1998இல் வந்த எட்டாம் பாகத்தில் அவர் தலையே காட்டுவதில்லை. என்ன ஆனார் என்று தெரிய 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்தது, எட்டாம் பாகத்தின் முடிவில் ஒரு கடத்தல் நடக்கிறது. அது தீர்வது 2005இல் வந்த பதினோராம் பாகத்தில். நடுவில் ஒருவர் பனியில் கூடாரம் போட்டு உட்கார்ந்து வருத்தப்படுவதைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம்.

தொய்வின் உச்சம் பத்தாம் பாகம், 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்', 2003. ஒன்பதாம் பாகம் தொடரின் மிகப் பெரிய சம்பவங்களில் ஒன்றோடு முடிகிறது. அடுத்து என்ன என்று துடித்துக்கொண்டு பத்தாம் பாகத்தைத் திறந்தால், அந்தச் சம்பவம் நடந்தபோது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று காலத்தைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போகிறார் ஜோர்டன். காகிதத்தில் இது நல்ல யோசனையாகத் தோன்றியிருக்கும். படிக்கும்போது கதை நின்று போகிறது. கவுன்களின் சரிகை வேலைப்பாடு, தேநீர், அரசவைக் கணக்குவழக்கு. பாவாடையை நீவிவிட்டுக்கொள்வதும் பின்னலைப் பிடித்து இழுப்பதும் வாசகர்களிடையே நிரந்தரக் கேலியாகிவிட்டது இந்தத் தொடரால்தான்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அன்று படித்தவர்களுக்கு இது எட்டொன்பது வருடத் தவிப்பு. இன்று பதினான்கு பாகமும் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. பத்தாம் பாகத்தின் எரிச்சல் இரண்டு வாரத்தில் கழிந்துவிடும். இணையத்தில் இருக்கும் கோபமான விமர்சனங்களில் பல, காத்திருந்தவர்களின் கோபம். தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

இனி, எங்கே விடலாம் என்ற கேள்வி. முதல் பாகத்துக்கு ஓரளவு முழுமையான முடிவு உண்டு. பிடிக்காவிட்டால் அங்கேயே கௌரவமாக விலகலாம். ஊசலாட்டமாக இருந்தால் நாலாம் பாகம் வரை வாருங்கள். அதில் ஐல் என்ற பாலைவன மக்களின் முன்னோர் வரலாறு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி விரியும் அத்தியாயங்கள் வருகின்றன. ஜோர்டனால் முடிந்ததில் உச்சம் அது என்று நினைக்கிறேன். அதைப் படித்தும் அசையவில்லை என்றால் மீதி பத்து பாகத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை. அசைந்தால் ஒன்பது வரை போங்கள், பத்தாம் பாகத்துக்கு மட்டும் ஒரு சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போங்கள். தீவிர ரசிகர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும்.

ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், தொடரை முடிக்க பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாகத் திட்டமிட்ட முடிவை, ஜோர்டன் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து சாண்டர்சன் மூன்று பாகங்களில் எழுதினார். கடைசிப் பாகம் 2013 ஜனவரியில் வந்தது. நடை மாறுவது தெரியும். கதை ஓடும்.

காசு கொடுத்து முழு செட் வாங்கிவிட்டேனே?

புத்தகம் வாங்கிய காசு படித்தாலும் வராது, படிக்காவிட்டாலும் வராது. இது தெரிந்தும் மனசு கேட்காது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் பிளூமர் இருவரும் 1985இல் வெளியிட்டது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி விலை என்று குலுக்கல் போலக் கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது.

இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காசின் உறுத்தல் சில மாதங்களில் தானாகத் தணிந்துவிடுகிறது. அந்தச் சில மாதங்களுக்கு செட்டைக் கண்ணில் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த தடவை முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள்.

புத்தகம் மோசமா, என் ஆங்கிலம் போதவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில நாவலுக்கு வந்தவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்கள். ஃபேன்டஸியில் புரியாத சொற்களில் பாதி ஆசிரியர் கற்பனையாக உருவாக்கியவை. அவை லண்டன்காரருக்கும் புரியாது. மிச்சத்தில் கணிசமான பங்கு குதிரைச் சேணம், கோட்டைக் கட்டுமானம், இடைக்கால உடை பற்றிய சொற்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் தாண்டிப் போகிற சொற்கள்தான்.

சோதிக்க வேண்டுமென்றால் அதே அளவு தடிமனுள்ள வேறொரு நாவலை, ஃபேன்டஸி அல்லாததை, இருபது பக்கம் படித்துப் பாருங்கள். அது சரளமாகப் போனால் குறை உங்களிடம் இல்லை. இரண்டுமே கனத்தால் ஒலிநூலை முயலலாம். விசித்திரமான பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற தலைவலி அதில் கிடையாது. நல்ல வாசிப்பாளர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுப்பதால் யார் பேசுகிறார்கள் என்பதும் குழம்பாது. பேருந்துப் பயணத்தில் நாற்பது பக்கக் குதிரைச் சவாரிகூட ஒருவாறு கழிந்துவிடும்.

சலிப்பு இல்லை. கதாநாயகன் செய்த காரியம் பொறுக்கவில்லை. இதற்காக விடலாமா?

தாராளமாக. ஸ்டீஃபன் டோனால்ட்சன் 1977இல் தொடங்கிய தாமஸ் கவனன்ட் தொடரை இந்தக் காரணத்துக்காகவே மூடிய வாசகர்கள் ஏராளம். கவனன்ட் தொழுநோயாளி. நம் உலகத்தில் எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர். வேறொரு உலகத்துக்குப் போனதும், அங்கே தனக்கு உதவிய ஓர் இளம்பெண்ணை வன்புணர்வு செய்கிறார். முதல் பாகத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே இது வந்துவிடுகிறது. ஆசிரியர் இதை மறைக்கவோ மன்னிக்கவோ இல்லை, அதன் விளைவுகள் தொடர் முழுக்க வருகின்றன. அதனால் இது முக்கியமான படைப்பு என்று சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. அந்த ஆளோடு ஆயிரக்கணக்கான பக்கம் நடக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்பவர்களின் வாதத்திலும் அதே அளவு நியாயம் உண்டு. இங்கே புத்தகத்தின் தரம் கேள்வியே அல்ல.

நாவல் மேடைப் பேச்சாக மாறுவது இன்னொரு வகை. டெர்ரி குட்கைண்டின் 'ஸ்வார்ட் ஆஃப் ட்ரூத்' 1994இல் சாகசக் கதையாகத் தொடங்கியது. தனிமனித சுயநலத்தை உயர்த்திப் பிடித்த எழுத்தாளர் அயன் ராண்டின் தத்துவத்தில் ஆசிரியருக்கு இருந்த பற்று போகப் போக மேலே வந்து, நாயகன் பக்கக்கணக்கில் உரையாற்ற ஆரம்பித்துவிடுகிறான். கருத்தோடு உடன்படுகிறவர்களுக்குமே சண்டை எங்கே போயிற்று என்று தோன்றும். இரண்டாவது உரையில் கிளம்பிவிடலாம். மூன்றாவது நிச்சயம் வரும்.

ஆசிரியரே முடிக்காத தொடர்களை என்ன செய்வது?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் முதல் பாகம் 1996இல் வந்தது, ஐந்தாம் பாகம் 2011இல். ஆறாவதற்கான காத்திருப்பு நீண்டு, அதற்குள் அந்தத் தொலைக்காட்சித் தொடர் 2019இல் தன் போக்கில் முடிந்தே போனது. பேட்ரிக் ராத்ஃபஸ் தன் 'கிங்கில்லர் க்ரானிக்கிள்' தொடரில் 2007, 2011 என்று இரண்டு பாகம் கொடுத்தார். மூன்றாவதற்கும் அதே கதி.

இங்கே கைவிட்டது நீங்கள் அல்ல என்பதால் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மார்ட்டினின் மூன்றாம் பாகம் வரை படிப்பது நஷ்டமே அல்ல. முடிவு வராவிட்டாலும் அந்தப் பக்கங்கள் தம் அளவில் நிற்கும். ராத்ஃபஸின் கதை முழுக்க, இந்த மனிதன் இந்த நிலைக்கு எப்படி வந்தான் என்ற ஒரு கேள்வியில் தொங்குகிறது. அது மூன்றாம் பாகத்தில்தான் தீர வேண்டும். மொழியழகுக்காகப் படிப்பவர்கள் போகலாம், விடைக்காகப் படிப்பவர்கள் பொறுத்திருக்கலாம்.

விட்ட பிறகு முடிவை மட்டும் தெரிந்துகொள்ளலாமா?

தெரிந்துகொள்ளுங்கள். ரசிகர்கள் நடத்தும் விக்கிகளில் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் இருக்கிறது. பத்து நிமிடம் படித்தாலே பெரும்பாலும் ஆவல் அடங்கிவிடும். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்: சுருக்கத்தைப் படித்து, அட இது நடக்கிறதா என்று புத்தகத்துக்கே திரும்புவோம். இரண்டும் லாபம். முடிவு தெரியாமல் தவிக்கும் வாசகர்களை எழுத்தாளர்களும் அறிவார்கள். கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1954இல் முடித்தபோது, யார் யார் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்குத் தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது.

முழுக்கப் படிக்காமல் நட்சத்திரம் போடலாமா?

எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். "மூன்றாம் பாகம், இருநூறாம் பக்கம், கிளம்பிவிட்டேன்" என்பது அடுத்த வாசகருக்கு மிகவும் உபயோகமான தகவல். இருநூறு பக்கம் படித்துவிட்டு "முடிவு சொதப்பல்" என்று எழுதுவது பொய். எழுத்தாளரை டேக் செய்து சொல்ல வேண்டிய அவசியம் எந்த நிலையிலும் இல்லை.

எல்லோரும் கொண்டாடும் புத்தகம் எனக்கு மட்டும் ஓடவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

ஆக்ஸ்ஃபோர்டில் இங்க்லிங்ஸ் என்றொரு நண்பர் வட்டம். டோல்கீன் எழுத எழுத 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸை அங்கே வாசித்துக் காட்டுவார். நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் உருகிப் போவார். அதே வட்டத்தில் இருந்த ஹ்யூகோ டைசனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தான் இருக்கும்போது வாசிக்க வேண்டாம் என்று தடுத்தே விட்டார். டைசன் ஒன்றும் வாசிப்பறியாதவர் அல்ல, ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். டோல்கீன் கதையில் வரும் எல்ஃப் என்ற தேவதை இனத்தார் அவருக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்கு டிராகன் ஒத்துவராமல் போகலாம்.

சமீபத்தில் எடுத்த எல்லாவற்றையும் விட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்படியானால் குறை புத்தகங்களில் இல்லாமல் இருக்கலாம். தூக்கம், வேலை, கைப்பேசி இவற்றைப் பாருங்கள். கொஞ்ச நாள் சிறுகதைகள் படியுங்கள், அல்லது ஒரே பாகத்தில் முடியும் ஃபேன்டஸி. அப்படியும் ஒரு வகை உண்டு, தேடினால் கிடைக்கும்.

பல வருடம் முன்பு விட்ட தொடருக்குத் திரும்ப ஆசை. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட பாகத்தின் கடைசி நான்கைந்து அத்தியாயங்களை மறுபடி படித்துவிட்டு அங்கிருந்தே தொடருங்கள். பெயர்கள் மறந்திருந்தால் ஜோர்டன் போன்றவர்களின் புத்தகங்களில் பின்னால் பெயர்களையும் சொற்களையும் விளக்கும் பட்டியல் இருக்கிறது. இல்லாதவற்றுக்கு விக்கி இருக்கிறது, ஸ்பாய்லர் பார்த்துக் கவனமாகப் போக வேண்டும். அரைகுறை ஞாபகத்தோடு ஐம்பது பக்கம் போனால் பாதி ஆட்கள் தாமாகவே திரும்பி வந்துவிடுவார்கள். மிச்சப் பாதி முக்கியமானவர்கள் அல்ல. ஒவ்வொரு தடவையும் முறையாக முதலிலிருந்து தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் பாகம் அவர்களுக்கு மனப்பாடம். ஐந்தாம் பாகத்தின் அட்டை என்ன நிறம் என்றே தெரியாது.